சார்ஜருக்கு எத்தனை மொழி? எத்தனை ஆப்?

பதிவு கொஞ்சம் நீளம். இப்போது நேரமில்லாதவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு 'சூப்பர் சார்' என்று மட்டும் போடாதீர்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் சென்ற வாரம் ஒரு தம்பி ஒரு சந்தை ஆய்வறிக்கையின் சுருக்கத்தைப் போட்டிருந்தான். மின் வாகனமும் சார்ஜரும் தமக்குள் பேசிக்கொள்ளும் தொழில்நுட்பத்துக்கான சந்தை வரும் பத்தாண்டில் பல மடங்கு பெருகுமாம். கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். "சார், நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். சொல்கிறேன் அம்மா. அந்த அறிக்கை வளர்ச்சி என்று எண்ணுவதில் பெரும் பகுதி, நாமே உண்டாக்கிக்கொண்ட குழப்பத்துக்கு நாமே கட்டும் வரி. அதற்குக் கைதட்ட என்னால் முடியாது.

நோட்ஸ் விற்பனை கூடினால் பள்ளிக்கூடத்தில் படிப்பு வளர்ந்தது என்று யாராவது சொல்வார்களா? பாடப் புத்தகம் புரியும்படி இருந்தால் நோட்ஸ் எதற்கு? அதேபோலத்தான். ஒரே சார்ஜரில் மூன்று விதமான கேபிள் தொங்கினால் அறிக்கைக்காரர் மூன்று தகவல் தொடர்புக் கருவி விற்றதாக எண்ணிக்கொள்வார். ஒரு வண்டிக்காரர் ஆறு ஆப் இறக்கினால் ஆறு பயனர்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு கருவிகளுக்கு நடுவே மொழிபெயர்க்க ஒரு பெட்டி வைத்தால் அது தனிச் சந்தை. குழப்பம் கூடக் கூட எண் கூடும்.

முதலில் பாடத்தை முடித்துவிடுகிறேன். விஷயம் தெரியாமல் கோபப்படுவது எனக்குப் பிடிக்காது.

காரைச் சார்ஜ் செய்யும் கன்னில் மின்சாரம் போகும் தடித்த கம்பிகளோடு ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. கன்ட்ரோல் பைலட் என்று பெயர். சார்ஜர் தன் பக்கம் 1,000 ஓம் மின்தடை வழியாக அதில் 12 வோல்ட் வைத்திருக்கும். வண்டியில் கன்னைச் செருகியதும் வண்டி தன் பக்கத்து மின்தடையைச் சேர்க்கும். 12 வோல்ட் 9 ஆக இறங்கும். "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று சார்ஜருக்குப் புரியும். வண்டி தயாரானதும் இன்னொரு மின்தடை சேரும், 6 வோல்ட். அதன் பிறகுதான் தடித்த கம்பியில் மின்சாரமே வரும். மழையில் குழந்தை ஒன்று கன்னைத் தொட்டாலும் அதில் மின்சாரம் இல்லாததற்கு இதுதான் காரணம். பத்தாம் வகுப்பில் ஓம் விதி எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்.

அடுத்து, சார்ஜர் தன் பங்குக்குப் பேசும். அதே கம்பியில் நொடிக்கு 1,000 முறை ஏறி இறங்கும் சதுர அலையை அனுப்பும். அலை எத்தனை சதவீத நேரம் மேலே இருக்கிறதோ அதை 0.6 ஆல் பெருக்கினால் இத்தனை ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். 50 சதவீதம் என்றால் 30 ஆம்பியர். 10 சதவீதம் என்றால் 6. 5 சதவீதம் என்றால் தனிச் செய்தி: "இந்தச் சைகை போதாது, டிஜிட்டலாகப் பேசுவோம் வா." எவ்வளவு அழகான ஏற்பாடு! இரண்டு பேர் கைச்சாடையில் பேசுவது போல. இதைச் செய்யக் காசு அதிகம் ஆகாது, இணையம் வேண்டாம், ஆப் வேண்டாம்.

வேகச் சார்ஜிங்குக்கு இது போதாது. அங்கே நேர்மின்னோட்டம் நேராக பேட்டரிக்குப் போகிறது. இப்போது இத்தனை வோல்ட் கொடு, சூடு ஏறுகிறது குறைத்துக்கொள் என்று பேட்டரி இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முழு மொழி தேவை. இந்த இடத்தில்தான் ஊர் இரண்டுபட்டது. ஜப்பான்காரர்கள் 2010-ல் சாடெமோ என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். (டீ சாப்பிடலாமா என்று பொருள் வரும் ஜப்பானியச் சொல் விளையாட்டு அது. சார்ஜ் ஏறுவதற்குள் டீ குடித்துவிடலாமாம்.) ஐரோப்பியர்கள் சி.சி.எஸ். என்றார்கள். சீனர்கள் ஜிபி/டி என்று தனியாகப் போனார்கள். சாடெமோவும் ஜிபி/டியும் பேசுவதற்குத் தனிக் கம்பிகள் வைத்தன; சி.சி.எஸ். அந்த ஒற்றை பைலட் கம்பியிலேயே மெகாஹெர்ட்ஸ் அலைகளை ஏற்றிப் பேசுகிறது. மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் நல்ல மொழிகள்தான். ஆனால் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் மருத்துவமனைக்கும் ஒரு பொது மொழி இருந்தாக வேண்டும் அல்லவா?

நாம் என்ன செய்தோம் என்று பாருங்கள். 2017-ல் பாரத் டி.சி.-001 என்று நமக்கென ஒன்றை வகுத்தோம். 15 கிலோவாட், 72 வோல்ட் அளவிலான பேட்டரிகளை மனதில் வைத்தது. அதே ஆண்டு மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 10,000 மின் கார்களுக்கு டெண்டர் விட்டது. அந்த வரிசையில் வந்த டிகோர், வெரிட்டோ கார்களுக்கு அது பொருந்தியது. 2020-ல் நெக்ஸான் வந்தது. அதன் பேட்டரி 300 வோல்ட்டுக்கு மேல், பேசும் மொழி சி.சி.எஸ்.-2. பாரத் சார்ஜரால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அடாப்டர் வாங்கிச் சமாளிக்கவும் வழியில்லை; 72 வோல்ட்டை வைத்துக்கொண்டு 300 வோல்ட் பேட்டரிக்குள் மின்னோட்டத்தைத் தள்ள முடியாது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரசு அலுவலக வளாகங்களில் தூசி படிந்து நிற்கும் பழைய சார்ஜர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை எல்லாமே பழுதானவை என்று நினைக்காதீர்கள். பேச ஆள் இல்லாமல் நிற்பவையும் உண்டு.

அதற்கு நடுவே 2018 டிசம்பரில் மின்துறை அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பொதுச் சார்ஜிங் நிலையம் என்றால் சி.சி.எஸ்., சாடெமோ, டைப்-2, இரண்டு பாரத் வகை என எல்லாம் இருக்க வேண்டும் என்றது. சாடெமோ கார் நம் ஊர்ச் சாலையில் காண்பதே அரிது. அதற்கும் சேர்த்து ஒருவர் முதல் போட வேண்டும்! கல்யாண வீட்டில் யாரும் சாப்பிடாத பதார்த்தத்தையும் இலையில் வைத்தே தீர வேண்டும் என்பது போல. 2019 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். நல்லது. ஆனால் எல்லா மொழியும் கட்டாயம் என்ற நிலையிலிருந்து எந்த மொழியும் உங்கள் விருப்பம் என்ற நிலைக்குத் தாவினோம். ஒரே மொழி என்று முடிவெடுக்கும் தைரியம் மட்டும் வரவில்லை. கார்களில் சி.சி.எஸ்.-2 ஓரளவு நிலைபெற்றுவிட்டது. அது சந்தை செய்த வேலை. அந்த அளவுக்குச் சந்தைக்கு நன்றி.

ஸ்கூட்டரில் அந்த நன்றியும் சொல்ல முடியாது. ஏத்தர் வண்டி ஓசூரில் செய்யப்படுகிறது. ஓலா வண்டி போச்சம்பள்ளியில். இரண்டும் ஒரே கிருஷ்ணகிரி மாவட்டம். ஒன்றின் வேகச் சார்ஜர் கன் மற்றதில் நுழையாது. ஒரே மாவட்டத்து மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டும்! ஏத்தர் தன் கன்னின் வடிவத்தை 2021-ல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஹீரோவின் விடா வண்டி அதை எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அந்த வகையை நாட்டின் தரமாக அறிவித்தது. இலகு வாகனங்களுக்கு நாமே உருவாக்கிய தரம், பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் நம் நாட்டில் தரம் என்பது பொதுவாக விருப்பம் சார்ந்தது. அரசு தனியாக ஆணையிட்டால்தான் கட்டாயம். விருப்பப் பாடத்தில் எத்தனை பேர் தேர்வு எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

"தொழில்நுட்பம் வளரும்போது அரசு ஒரே தரத்தைத் திணித்தால் புதுமை செத்துவிடும் சார்" என்று அந்தத் தம்பி குழுவில் பதில் எழுதியிருந்தான். படித்தவர்கள் சொல்லும் வாதம் இது. மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

டெஸ்லாவை எடுத்துக்கொள். அமெரிக்காவில் சட்டம் கேட்காத வரை அது தன் சொந்தப் ப்ளக்கையே வைத்திருந்தது. 2022 நவம்பரில்தான் அதை மற்றவர்களுக்குத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-லேயே பொது வேகச் சார்ஜர்களில் சி.சி.எஸ்.-2 இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டது. அங்கே அதே டெஸ்லா மாடல் 3 காரை சி.சி.எஸ்.-2 துளையோடு விற்றது. சீனாவில் தேசியத் தரம் ஜிபி/டி. அங்கே 2017-ல் அதற்கேற்ற துளையை வைத்தது. ஒரே கம்பெனி, மூன்று நாடு, மூன்று நடத்தை. ஐரோப்பாவிலும் சீனாவிலும் டெஸ்லாவின் புதுமை செத்துப்போனதாக எனக்குத் தெரியவில்லை. எந்த நாட்டுச் சட்டம் எதைக் கேட்கிறதோ அந்த மொழியைப் பேசக் கம்பெனிகளுக்குத் தெரியும். நாம் கேட்கவில்லை.

இதுவரை சொன்னது வண்டிக்கும் சார்ஜருக்கும் நடுவிலான பேச்சு. உண்மையில் என் கோபம் அடுத்த பேச்சின் மீதுதான்: சார்ஜருக்கும் கம்பெனியின் சர்வருக்கும், கம்பெனிக்கும் கம்பெனிக்கும், கடைசியில் அவர்களுக்கும் உங்கள் பாக்கெட்டுக்கும் இடையிலான பேச்சு.

சார்ஜரும் சர்வரும் பேச ஓ.சி.பி.பி. என்று ஒரு திறந்த நெறிமுறை இருக்கிறது. நெதர்லாந்தில் 2009-ல் தொடங்கியது. இலவசமாக இறக்கிப் படிக்கலாம். கோவையில் ஒரு சின்னப் பட்டறைக்காரர் சார்ஜர் செய்து அதில் இதை ஏற்றலாம், யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாம். நம் கம்பெனிகளின் விளம்பரங்களில் "நாங்கள் ஓ.சி.பி.பி." என்று பெருமையாகப் போடுகிறார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த நெறிமுறை சார்ஜருக்கும் அதன் முதலாளிக்கும் நடுவே மட்டும்தான். உங்களுக்கு அதனால் நேரடியாக ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனியின் சார்ஜரில் சார்ஜ் போடக் கம்பெனிகள் தமக்குள் பேச வேண்டும், அதற்கு ஓ.சி.பி.ஐ. என்று வேறொரு திறந்த நெறிமுறை இருக்கிறது. முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதைப் பற்றி மூச்சு விடாமல் "நாங்கள் திறந்த அமைப்பு" என்று சொல்வது, வீட்டுக்குள் அறைக்கதவை எல்லாம் திறந்து வைத்துவிட்டு வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு "எங்கள் வீட்டில் பூட்டே கிடையாது" என்பது போல.

எங்கள் வீட்டு மருமகன் மின்காரில் திருச்சிக்கும் சென்னைக்கும் போய் வருபவர். அவர் போனில் சார்ஜிங் ஆப் மட்டும் ஏழு. ஒவ்வொன்றிலும் முன்பணம் போட்டால்தான் கன் உயிர் பெறும். ஒன்றில் நூற்று எண்பது, ஒன்றில் முந்நூறு என்று பணம் கிடக்கிறது. ஒரு நிறுவனத்திடம் திருப்பிக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது, பதில் இல்லை. பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் வழக்கம் அந்த ஒருவருடையது மட்டும் இல்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: ஒரு நிறுவனம் தன் சொந்தச் சேவைக்கு மட்டும் பயன்படுமாறு வாங்கி வைக்கும் இப்படிப்பட்ட மூடிய வாலெட்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அது பணம் செலுத்தும் அமைப்பு என்ற வரையறைக்குள்ளேயே வராது. பால்காரரிடம் டோக்கன் வாங்குவது போன்ற ஏற்பாடு அது. பால்காரர் பக்கத்துத் தெருவில் இருப்பார், கேட்டு வாங்கலாம். இவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

மருமகனுக்கு நூற்று எண்பது ரூபாய் பெரிய விஷயம் இல்லை. மின் ஆட்டோ ஓட்டுபவருக்கு அது பெரிய விஷயம். உணவு டெலிவரி செய்யும் பையனின் போனில் ஏழாவது ஆப் இறக்க இடம் இருக்காது. வணிக வளாகத்தின் அடித்தளத்தில் போன் சிக்னல் கிடைக்காது, ஓ.டி.பி. வராது. பக்கத்தில் சார்ஜர் இருக்கும், அதில் மின்சாரம் இருக்கும், இவர் கையில் பணமும் இருக்கும், வண்டி நகராது. இரவு பதினொரு மணிக்கு நெடுஞ்சாலையில் இது ஒரு பெண்ணுக்கு நடந்தால் என்ன என்று யோசியுங்கள்.

ஐரோப்பாவில் 2024 ஏப்ரல் 13 முதல், புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்களில் சாதாரண வங்கி அட்டையைக் காட்டிப் பணம் கட்ட வசதி இருந்தாக வேண்டும் என்று சட்டம். உறுப்பினராக வேண்டாம், ஆப் வேண்டாம். அவர்களைவிட நமக்கு இது எளிது. 2016-லிருந்து நம்மிடம் யு.பி.ஐ. இருக்கிறது. கீரை விற்கும் அம்மாவின் தட்டில் ஒட்டிய க்யூ.ஆர். அட்டையை எந்த ஆப்பிலிருந்தும் படிக்கலாம். பல லட்சம் ரூபாய் விலையுள்ள சார்ஜருக்கு அந்த அம்மாவுக்கு இருக்கும் வசதி இல்லை என்றால் அது தொழில்நுட்பக் குறைபாடு இல்லை, வேண்டுமென்றே செய்வது. முன்பணமும் உங்கள் பயணத் தகவலும் அவர்களுக்கு வேண்டும்.

இதற்கு மருந்தாக அரசு ஒன்று சொல்கிறது. 2025 மே மாதம் மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த ஒரு சூப்பர் ஆப் வரும் என்றது. பெல் நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்பது பற்றிப் பேசப்பட்டது. திருச்சிக்காரன் என்ற முறையில் பெல் மீது எனக்குப் பாசம் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், எட்டாவது ஆப் நமக்கு வேண்டாம். யு.பி.ஐ. ஓர் ஆப் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வங்கிகள் எல்லாம் பேசிக்கொள்ளும் மொழி. பீம் என்பது ஓர் ஆப். அதை வைத்திருக்காதவரும் யு.பி.ஐ.யில் பணம் அனுப்புகிறார். அரசு கட்டாயமாக்க வேண்டியது மொழியை. ஆப்பை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அதில் போட்டி வரட்டும், சந்தை வளரட்டும், அந்த வளர்ச்சிக்கு நானே முதலில் கை தட்டுகிறேன்.

இன்னொரு விஷயம். கருவி பேசும் என்றால் யாரோ கேட்கிறார்கள் என்று பொருள். கேட்பவர் வாயை அடைக்கவும் முடியும். 2022 பிப்ரவரியில் மாஸ்கோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையிலான எம்-11 நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் திடீரென்று நின்றன; திரையில் புதினைத் திட்டி வாசகம் வந்தது. பாகங்கள் உக்ரைன் நிறுவனம் ஒன்றிடமிருந்து வந்தவை. யார் பக்கம் நியாயம் என்பது வேறு கேள்வி; சாவி யார் கையில் இருந்தது என்று மட்டும் பாருங்கள். போர்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2024 அக்டோபரில் எனெல் எக்ஸ் வே நிறுவனம் வட அமெரிக்காவில் கடையை மூடியது. ஜூஸ்பாக்ஸ் என்ற அதன் சார்ஜர்களை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தவர்களுக்கு ஆப் வழி வசதிகள் கைவிட்டுப் போயின. வணிக இடங்களில் வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். பெட்டி சுவரில் அப்படியே இருக்கிறது, பேச ஆள் இல்லை. நம் ஊரில் புற்றீசல் போலக் கிளம்பும் கம்பெனிகளில் எத்தனை பத்து வருடம் தாங்கும்?

இதில் போவது நம் வரிப்பணமும்கூட. 2023 மார்ச்சில் மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 வேகச் சார்ஜர் நிலையங்கள் வைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2024-ல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு. அந்த மானியத்தின் கடைசித் தவணையை, சார்ஜரின் முகத்தில் ஆப் இல்லாமல் பணம் கட்டும் க்யூ.ஆர். இருக்கிறதா, வேறு கம்பெனி வாடிக்கையாளர் அதில் சார்ஜ் போட முடிகிறதா என்று ஒரு அதிகாரி நேரில் போய்ச் செய்து பார்த்த பிறகு மட்டும் விடுவித்தால் போதும். ஆறு மாதத்தில் எல்லாக் கம்பெனிக்கும் பொது மொழி வந்துவிடும். செய்முறைத் தேர்வு வைக்காமல் மதிப்பெண் போடாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. நம் மாணவர்களில் மூன்று பேர் அரசுத் துறைகளில் இந்தக் கோப்புகள் போகும் மேசைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அறிக்கை போட்ட தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ அந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறாய். உன் கம்பெனி ஓ.சி.பி.ஐ. வழியாக எத்தனை மற்ற கம்பெனிகளோடு இணைந்திருக்கிறது என்று கேட்டுக் கீழே எழுது. எண்ணிக்கை கேட்டால் நான் எண்ணிக்கைக்கே வருகிறேன்.

உறவுகளில் மூன்று குடும்பங்கள் அடுக்குமாடியில் பொதுச் சார்ஜர் வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்: சார்ஜரின் சர்வர் முகவரியை மாற்றும் கடவுச்சொல் குடியிருப்போர் சங்கத்திடம் தரப்படும், நிறுவனம் சேவையை நிறுத்தினாலும் கட்டணத்தை ஏற்றினாலும் சங்கம் வேறு நிறுவனத்தின் சர்வருக்கு மாறிக்கொள்ளலாம். ஓ.சி.பி.பி. சார்ஜரில் இதற்கு வழி உண்டு, கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். "அது எங்கள் பாலிசி இல்லை சார்" என்று விற்பனைக்கு வந்த பையன் சொன்னால், அவனுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ஒப்பந்த நகலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நானே படித்துப் பார்த்துச் சொல்கிறேன். காலை ஆறிலிருந்து பத்துக்குள் அனுப்புங்கள், கண்ணாடி போட்டு நிதானமாகப் படிக்க அதுதான் நேரம்.